எச்சரிக்கை வரம்பு (கணினிச் சேவைக் கண்காணிப்பு)

எச்சரிக்கை வரம்பு என்பது, தொடர்ந்து அளக்கப்படும் ஓர் அளவு எந்த மதிப்பை எட்டும்போது பொறுப்பானவருக்குத் தெரிவிக்க வேண்டும் என முன்கூட்டியே வகுக்கப்படும் எல்லை ஆகும். வழங்கிகள், தரவுத்தளங்கள், வலைத்தளங்கள், மின்னஞ்சல் முதலிய கணினிச் சேவைகளைக் கண்காணிக்கும் மென்பொருட்கள் இத்தகைய வரம்புகளைக் கொண்டே இயங்குகின்றன. வன்தட்டின் 90 விழுக்காடு நிரம்பியதும் நிருவாகிக்குக் குறுஞ்செய்தி செல்வது இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

கண்காணிப்பு மென்பொருளை நிறுவுவது எளிது. அதன் வரம்புகளைச் சரியாக அமைப்பது கடினம். வரம்பு மிகத் தாழ்வாக இருந்தால் தேவையற்ற எச்சரிக்கைகள் பெருகி, அவற்றைப் பெறுபவர் நாளடைவில் கவனிப்பதை விட்டுவிடுவார். மிக உயர்வாக இருந்தால் எச்சரிக்கை வரும்போது செய்வதற்கு ஒன்றும் எஞ்சியிராது. இவ்விரு பிழைகளையும் கண்டறிந்து திருத்துவதே எச்சரிக்கை வரம்புகளின் கோளாறறிதல் எனப்படுகிறது.

இச்சிக்கல் கணினிக்கு மட்டும் உரியதன்று. அணைகள், தொழிற்சாலைகள், கடல்கோள் முன்னறிவிப்பு மையங்கள் ஆகிய அனைத்தும் இதை எதிர்கொள்கின்றன. மதுரை வட்டாரத்தினர் நன்கறிந்த வைகை அணையின் வெள்ள எச்சரிக்கை முறை, கணினி வரம்புகளை விளங்கிக்கொள்ளவும் பெரிதும் உதவுகிறது.

வைகை அணையின் மூன்று எச்சரிக்கைகள்

வைகை அணை தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டிக்கு அருகே, மதுரையிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. 1959இல் திறக்கப்பட்ட இவ்வணையின் உயரம் 111 அடி. நீர் தேக்கப்படுவது 71 அடி வரை. வருசநாட்டு மலைப்பகுதியில் பெய்யும் மழையும், முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கவழி திருப்பிவிடப்படும் நீரும் இதனை வந்தடைகின்றன. அணைக்குக் கீழே வைகை தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் ஊடாகச் செல்கிறது.

நீர்மட்டம் உயரும்போது கரையோர மக்களுக்கு வழக்கமாக மூன்று கட்டங்களில் எச்சரிக்கை விடப்படுகிறது.

* 66 அடி: முதல் வெள்ள எச்சரிக்கை
* 68.5 அடி: இரண்டாம் வெள்ள எச்சரிக்கை
* 69 அடி: மூன்றாம் வெள்ள எச்சரிக்கை, இதன்பின் உபரி நீர் ஆற்றில் திறக்கப்படும்

இவ்வெண்களில் கவனிக்கத்தக்கவை பல உள்ளன. முதலாவது, மூன்று வரம்புகளும் அணையின் நிறைமட்டமான 71 அடிக்குக் கீழே உள்ளன. 71 அடியில் விடப்படும் எச்சரிக்கை செய்தியாக மட்டுமே இருக்கும். ஆற்றைக் கடப்பவர் கரையேறவும், கால்நடைகளை ஓட்டிச் செல்லவும், யானைக்கல் தரைப்பாலம் போன்ற தாழ்ந்த பாலங்களில் போக்குவரத்தை நிறுத்தவும் நேரம் தராது.

இரண்டாவது, வரம்புகளுக்கு இடையிலான தொலைவு சமமாக இல்லை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே 2.5 அடி; இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 0.5 அடி. முதல் எச்சரிக்கை ஆயத்தத்திற்கு உரியது; இறுதி இரண்டும் செயலுக்கு உரியவை, ஆதலால் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன.

மூன்றாவது, ஒவ்வொரு வரம்பும் ஒரு செயலுடன் பிணைக்கப்பட்டுள்ளது. மூன்றாம் எச்சரிக்கைக்குப் பின் மதகு திறக்கப்படும் என்பது அனைவரும் அறிந்தது. யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாத ஓர் எண்ணுக்கு இங்கு எச்சரிக்கை இல்லை.

எச்சரிக்கை வரம்பு என்பது ஒரு பொருள் தாங்கக்கூடிய உச்ச அளவு அன்று. அந்த உச்சத்தை அடையும் முன் தேவையான செயலைச் செய்து முடிக்கப் போதிய நேரம் எஞ்சியிருக்கும் புள்ளியே வரம்பு. வரம்புக் கோளாறுகளில் பெரும்பாலானவை இக்கருத்தை மறப்பதால் எழுகின்றன.

அளவும் எஞ்சிய நேரமும்

ஒரே அளவு எப்போதும் ஒரே அளவு நேரத்தைக் குறிப்பதில்லை. ஒரு நீர்த்தேக்கத்தில் எஞ்சியுள்ள கொள்ளளவு 1,000 மில்லியன் கன அடி எனக் கொள்வோம். நீர்வரத்து விநாடிக்கு 5,000 கன அடி எனில், ஒரு நாளில் (86,400 விநாடிகள்) 432 மில்லியன் கன அடி நீர் சேரும். தேக்கம் நிரம்ப இரண்டு நாட்களுக்கு மேலாகும். நீர்வரத்து 20,000 கன அடியாக உயர்ந்தால் அதே இடம் ஏறத்தாழ 14 மணி நேரத்தில் நிரம்பிவிடும். நீர்மட்டத்தைக் காட்டும் எண் இரு நேர்வுகளிலும் ஒன்றே. எனவே அணையை இயக்குவோர் மட்டத்துடன் நீர்வரத்தையும் மேற்பகுதி மழையளவையும் சேர்த்தே கவனிக்கின்றனர்.

வன்தட்டுக்கும் இக்கணக்கு பொருந்தும். 500 கிகாபைட்டு கொண்ட வன்தட்டு 90 விழுக்காடு நிரம்பியிருந்தால் எஞ்சியது 50 கிகாபைட்டு. நாளுக்கு 2 கிகாபைட்டு வளர்ந்தால் 25 நாட்கள் உள்ளன. வார இறுதியில் நிருவாகியை எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் வழு ஒன்றால் பதிவுக் கோப்பு மணிக்கு 10 கிகாபைட்டு வீதம் பெருகினால் ஐந்து மணி நேரமே உள்ளது. முதல் நேர்வில் 90 விழுக்காடு என்பது மிக முந்திய வரம்பு. இரண்டாவதில் அது ஏற்கனவே காலந்தாழ்ந்த வரம்பாக இருக்கலாம். இதனால், நிரம்பிய விழுக்காட்டோடு, தற்போதைய வளர்ச்சி வீதத்தில் நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கிட்டு எச்சரிக்கும் வசதி பல மென்பொருட்களில் தரப்பட்டுள்ளது.

கண்காணிப்பு மென்பொருட்களில் வரம்புகள்

1999இல் நெட்செயிண்ட் என்னும் பெயரில் வெளியாகி 2002இல் பெயர் மாற்றப்பட்ட நாகியோஸ், இத்துறையின் சொல்லாட்சிகள் பலவற்றை நிலைபெறச் செய்த கட்டற்ற மென்பொருள் ஆகும். இதன் சோதனை நிரல் ஒவ்வொன்றும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தரும்.

* 0: சீர்நிலை
* 1: எச்சரிக்கை நிலை
* 2: நெருக்கடி நிலை
* 3: அறியாநிலை

எச்சரிக்கை, நெருக்கடி என இரு வரம்புகளை அமைக்க இது இடமளிக்கிறது. வைகை அணையின் முதல், மூன்றாம் எச்சரிக்கைகளை ஒத்த ஏற்பாடு எனலாம். முன்னது பகல்வேளையில் பார்த்துக்கொள்ளத்தக்கது. பின்னது உடனே செயற்பட வேண்டியது.

ஒருமுறை வரம்பு மீறப்பட்டவுடன் நாகியோஸ் செய்தி அனுப்புவதில்லை. முதல் மீறலை மென்நிலை எனக் குறித்துக்கொண்டு, குறுகிய இடைவெளியில் மறுபடி சோதிக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சோதனைகளும் தொடர்ந்து தவறினால் மட்டுமே வன்நிலை எனக் கொண்டு செய்தி அனுப்பும். 2001இல் முதலில் வெளியான சாபிக்சு, 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட புரோமீத்தியசு ஆகியவற்றிலும் இதையொத்த வசதிகள் உண்டு. புரோமீத்தியசில், ஒரு நிபந்தனை குறிப்பிட்ட கால அளவு இடையறாது நீடித்தால்தான் எச்சரிக்கை எழ வேண்டும் என விதிக்கலாம்.

இக்காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை சோதனை, தவறினால் ஒரு நிமிட இடைவெளியில் மேலும் இரு சோதனைகள் என அமைத்தால், சேவை நின்ற கணத்திலிருந்து செய்தி கிளம்ப ஏழு நிமிடங்கள் வரை ஆகலாம். ஐந்து நிமிடத் தடையைக்கூடத் தாங்காத சேவைக்கு இவ்வமைப்பு பொருந்தாது.

வரம்புக் கோளாறுகளின் வகைகள்

பொய் எச்சரிக்கை

சேவை நலமாக இருக்கும்போது எழும் எச்சரிக்கை இது. ஒவ்வொரு சோதனையும் பிழையாகும் வாய்ப்பு மிகச் சிறிதாயினும், சோதனைகளின் எண்ணிக்கை பெரிது என்பதால் பொய் எச்சரிக்கைகள் திரண்டுவிடுகின்றன. 200 சேவைகளை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை சோதித்தால் ஒரு நாளில் 57,600 சோதனைகள் நடக்கும். ஆயிரத்தில் ஒன்று பிழையானாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 58 பொய் எச்சரிக்கைகள் வரும். இவற்றுக்கிடையே வரும் ஒரேயொரு மெய்யான எச்சரிக்கையைப் பிரித்தறிவது கடினம். 'புலி வருது' எனப் பலமுறை பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை இந்நிலையையே சொல்கிறது. கதையின் முடிவில் புலி உண்மையாகவே வருகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தவறிய எச்சரிக்கை

சேவை பழுதுபட்டும் எச்சரிக்கை எழாமை இது. வரம்பு மிக உயர்வாக இருத்தல், தவறான அளவைக் கவனித்தல், செய்தி உரியவரைச் சென்றடையாமை ஆகியன பொதுவான காரணங்கள். இவற்றுள் எளிதில் கண்ணில் படாதது, அளவு வராமல் நின்றுபோதல் ஆகும். அளவி நிரலே செயலிழந்தால் ஒப்பிடுவதற்கு மதிப்பு இராது; மதிப்பு இல்லாததால் வரம்பு மீறப்படாது; எச்சரிக்கையும் எழாது. புரோமீத்தியசில் இவ்வாறு நேரக்கூடும் என்பதால், ஓர் அளவு வராமல் நின்றதையே கண்டறியும் தனி விதி எழுதப்பட வேண்டும். அளவுகோலைப் படிப்பவரிடமிருந்து தகவல் வராத இரவில், ஆற்றில் வெள்ளம் இல்லை என முடிவு செய்ய இயலாது.

ஊசலாட்டம்

அளவு வரம்பின் இருபுறமும் மாறி மாறிச் சென்றால் 'பழுது', 'சரியானது' எனச் செய்திகள் விடாது வரும். வரம்பு 80 எனில் 79, 81, 79, 82 எனச் செல்லும் அளவு இத்தகையது. இதற்குத் தீர்வு, எழும் வரம்பையும் தணியும் வரம்பையும் வெவ்வேறாக அமைப்பதாகும். 80க்கு மேல் சென்றால் எச்சரிக்கை எழும், 70க்குக் கீழ் இறங்கினால் மட்டுமே தணியும் என வகுத்தால் இச்சிக்கல் நீங்கும். சாபிக்சில் தணியும் நிபந்தனையைத் தனியே எழுதலாம். நாகியோஸ் கடைசி 21 சோதனைகளில் நிலை எத்தனை முறை மாறியது எனக் கணக்கிட்டு, ஊசலாடும் சேவைக்கான செய்திகளை நிறுத்திவைக்கும்.

எச்சரிக்கைப் பெருக்கம்

ஒரே பழுதால் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் ஒருசேர எழுவது இது. வலையமைப்பு இணைப்பி ஒன்று நின்றால் அதன் பின்னுள்ள எல்லா வழங்கிகளும் நின்றதாகத் தோன்றும். எது எதைச் சார்ந்தது என்பதை மென்பொருளுக்கு அறிவித்தால், மூலப் பழுதுக்கு மட்டும் செய்தி வருமாறு செய்யலாம்.

அளவுகள் தோறும் காணப்படும் பிழைகள்

சராசரிச் சுமை

லினக்சு இயங்குதளம் கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கான சராசரிச் சுமையைத் தருகிறது. சுமை 4 என்பது ஒரே கருவுள்ள கணினியில் நெருக்கடி. எட்டுக் கருக்கள் கொண்ட கணினியில் சாதாரணம். ஆகவே வரம்பைக் கருக்களின் எண்ணிக்கையோடு சேர்த்தே வகுக்க வேண்டும். மேலும், லினக்சில் வன்தட்டின் விடைக்காகத் தடைபட்டுக் காத்திருக்கும் நிரல்களும் சுமையில் சேர்க்கப்படுகின்றன. மையச் செயலகம் ஓய்வாக இருந்தும் சுமை உயர்ந்திருந்தால் வன்தட்டையோ வலையமைப்புக் கோப்பு முறைமையையோ ஆராய வேண்டும்.

நினைவகம்

லினக்சு பயன்படாத நினைவகத்தைக் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறது. இதனால் 'வெற்று நினைவகம்' எப்போதும் குறைவாகவே தோன்றும். அதற்கு வரம்பு வைத்தால் நலமான வழங்கியும் நாள்தோறும் எச்சரிக்கும். நிரல்களுக்குத் தரக்கூடிய நினைவகம் எவ்வளவு என்னும் தனி மதிப்பீடு 2014இல் வெளியான 3.14 ஆம் கருவகப் பதிப்பிலிருந்து கிடைக்கிறது. வரம்பை அதன்மேல் அமைப்பதே முறை.

வன்தட்டு

விழுக்காட்டு வரம்பு பெரிய வன்தட்டுகளில் பொருளிழக்கிறது. 100 கிகாபைட்டில் எஞ்சிய 10 விழுக்காடு 10 கிகாபைட்டு. 4 டெராபைட்டில் அதே விழுக்காடு 400 கிகாபைட்டு. இடம் இருந்தும் கோப்பு எழுத முடியாத நிலையும் உண்டு: கோப்புகளின் விவரங்களைத் தாங்கும் ஐநோடுகள் தீர்ந்துபோனால் இவ்வாறு நேரும். இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேரும் மின்னஞ்சல் வழங்கிகளில் ஐநோடுகளுக்கும் தனி வரம்பு தேவை. பெரிய பதிவுக் கோப்பை அழித்தும் எச்சரிக்கை தணியவில்லை எனில், அக்கோப்பை ஏதேனும் ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கக்கூடும்; அது மூடப்படும் வரை இடம் திரும்பக் கிடைக்காது.

மறுமொழி நேரம்

சராசரி மறுமொழி நேரம் பழுதை மறைக்க வல்லது. நூறு வேண்டுகோள்களில் 99 வேண்டுகோள்கள் 0.1 விநாடியிலும் ஒன்று 10 விநாடியிலும் முடிந்தால் சராசரி 0.2 விநாடியே. நூற்றில் ஒருவர் பத்து விநாடி காத்திருந்தது அதில் தெரியாது. 99 ஆம் நூற்றுமானத்திற்கும் மேலான உயர் நூற்றுமானத்தின் மீது வரம்பு வைத்தால் இது வெளிப்படும்.

வெப்பநிலையும் மின்கலமும்

வழங்கி அறையில் உள்ளிழுக்கப்படும் காற்றின் வெப்பநிலை 18 முதல் 27 பாகை செல்சியசு வரை இருப்பது பன்னாட்டு வழிகாட்டுதல்களில் பரிந்துரைக்கப்படுகிறது. கோடையில் வெளி வெப்பம் 40 பாகையை எட்டும் மதுரை போன்ற நகரங்களில், குளிர்சாதனம் நின்றபின் அறை சூடேறும் வேகம் குளிர்நாடுகளில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும். வேறு நாட்டுக் கையேட்டிலிருந்து எடுத்த வெப்ப வரம்பு இங்கு போதிய நேரம் தராமல் போகலாம்.

மின்தடைக்கும் இது பொருந்தும். 2012இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேலாக மின்வெட்டு நிலவியது. அத்தகைய சூழலில் 'மின்சாரம் நின்றது' என்பது எச்சரிக்கைக்குரிய செய்தியாக இராது. அது அன்றாட நிலை. தடையில்லா மின்வழங்கியின் மின்கலம் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதே கவனிக்கத்தக்க அளவு. வழங்கிகளை முறையாக நிறுத்தப் பத்து நிமிடங்கள் வேண்டுமெனில், மின்னாக்கியை இயக்கி வைக்கும் நேரத்தையும் கூட்டி அதற்கும் முன்பாக வரம்பு அமைய வேண்டும். மின்கலம் பழையதாக ஆக அது தாங்கும் நேரம் குறைவதால் இவ்வரம்பை ஆண்டுதோறும் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

கோளாறறியும் முறை

ஓர் எச்சரிக்கை வரம்பு பொருந்தவில்லை எனத் தோன்றும்போது, எண்ணை உடனே கூட்டுவதோ குறைப்பதோ பொதுவான தவறு. பின்வரும் வரிசையில் ஆராய்வது பயன் தரும்.

1. அளவு மெய்யானதா எனச் சரிபார்த்தல். கண்காணிப்பு நிரல் காட்டும் மதிப்பையும் வழங்கியில் நேரடியாகப் பார்க்கும் மதிப்பையும் ஒப்பிட வேண்டும். அலகு மாறியிருத்தல் (பைட்டு, கிலோபைட்டு), பழைய மதிப்பே திரும்பத் திரும்ப வருதல் ஆகியன அடிக்கடி காணப்படுவன.
2. எச்சரிக்கை எழுந்த நேரங்களைத் தொகுத்தல். ஒரே மணிப்பொழுதில் திரும்ப வருமாயின் காப்புநகல் எடுத்தல் போன்ற காலமுறைப் பணி ஒன்று காரணமாக இருக்கும்.
3. சில வாரங்களுக்கான இயல்பு அளவைக் காணல். வார நாள், விடுமுறை, மாத இறுதி ஆகியவற்றுக்கு இயல்பு வெவ்வேறாக இருக்கலாம்.
4. பயனருக்குப் பாதிப்பு இருந்ததா எனக் கேட்டல். பாதிப்பின்றி எழுந்தவை பொய் எச்சரிக்கைகள். எச்சரிக்கையின்றி நேர்ந்த பாதிப்புகள் தவறியவை. இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும்.
5. தேவைப்படும் நேரத்தைக் கணக்கிடல். செய்தி சேர, பொறுப்பாளர் கணினியை அணுக, பழுதை நீக்க ஆகும் நேரங்களைக் கூட்டி, வரம்பு அவ்வளவு நேரத்தைத் தருகிறதா எனப் பார்க்க வேண்டும்.
6. செயலைக் குறித்தல். எச்சரிக்கை வந்தால் யார், என்ன செய்ய வேண்டும் என ஒரு வரியில் எழுத இயலாவிடின், அதை எச்சரிக்கையாக வைக்காமல் வரைபடமாக மட்டும் வைப்பதே சிறந்தது.
7. மாற்றியபின் சோதித்தல். பழைய அளவுகளின் மீது புதிய வரம்பைப் பொருத்தி, கடந்த மாதத்தில் அது எத்தனை முறை எழுந்திருக்கும் எனக் காணலாம். வேண்டுமென்றே சேவையை நிறுத்தி, செய்தி உரியவரின் கைபேசியை அடைகிறதா எனவும் பார்க்க வேண்டும்.

முன்கூட்டியே அறிந்த நிகழ்வுகளைத் தனியே கருத வேண்டும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நிகழ்ச்சிக்காக, இருப்பைப் பொறுத்து வைகை அணையிலிருந்து நீர் திறக்கப்படுவதுண்டு. அது நாளும் அளவும் குறித்து முன்னரே அறிவிக்கப்படும் நிகழ்வு. மழைவெள்ளத்திற்குரிய எச்சரிக்கையோடு அதைக் குழப்பிக்கொள்வதில்லை. கணினிச் சேவைகளிலும் பராமரிப்பு நேரத்தை மென்பொருளில் முன்பே பதிந்து வைத்தால், அவ்வேளையில் செய்திகள் அனுப்பப்படா.

ஓர் எடுத்துக்காட்டு

நான்கு கருக்கள் கொண்ட வழங்கி ஒன்றில் ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுப் பக்கம் இயங்குவதாகக் கொள்வோம். சராசரிச் சுமைக்கான வரம்பு 5. இரவு ஒரு மணிக்குக் காப்புநகல் எடுக்கும்போது சுமை 20 நிமிடங்களுக்கு 6 ஆக உயர்கிறது. ஒவ்வோர் இரவும் குறுஞ்செய்தி வருகிறது. நிருவாகி அச்செய்திகளைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். முடிவுகள் வெளியாகும் நாளில் காலை பத்து மணிக்கு ஆயிரக்கணக்கான மாணவர் ஒரே நேரத்தில் நுழைகின்றனர்; பக்கம் திறக்கவில்லை. எச்சரிக்கை வந்தது, ஆனால் அது இரவுச் செய்திகளைப் போலவே இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

வரம்பை 5இலிருந்து 10 ஆக உயர்த்தினால் இரவுச் செய்தி நிற்கும். முடிவு நாளின் சிக்கல் தீராது. ஆராய்ந்தால், பக்கம் நின்றதற்குக் காரணம் சுமை அன்று என்பதும், தரவுத்தள இணைப்புகள் தீர்ந்துபோனதே என்பதும் தெரியவரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இயல்பாக அனுமதிக்கப்படும் இணைப்புகள் 100 மட்டுமே. ஆகவே திருத்தம் மூன்று பகுதிகளைக் கொண்டிருக்கும்: காப்புநகல் நேரத்தைப் பராமரிப்பு நேரமாகப் பதிதல், இணைப்புகள் 70ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 85ஐத் தாண்டினால் நெருக்கடி என வகுத்தல், மாணவர் உண்மையில் காணும் பக்கம் மூன்று விநாடிக்குள் திறக்கிறதா எனச் சோதித்தல். 70க்கும் 100க்கும் இடைப்பட்ட இடைவெளியே நிருவாகி செயற்படுவதற்குரிய நேரம். முடிவு நாளில் இணைப்புகள் நிமிடத்திற்குப் பத்து வீதம் கூடினால் அது மூன்று நிமிடமே ஆகும். அப்போது மனிதரை எழுப்புவது போதாது, இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாட்டை முன்னதாகவே செய்திருக்க வேண்டும்.

பிற துறைகளில் நேர்ந்தவை

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. எது முதன்மையானது என இயக்குநர்களால் பிரித்தறிய இயலவில்லை. 1994 சூலை 24 அன்று வேல்சின் மில்போர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்வதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரு பணியாளர்கள் 275 எச்சரிக்கைகளை எதிர்கொண்டனர். இரு நேர்வுகளிலும் எச்சரிக்கை இல்லாமை குறையன்று. அளவுமீறிய எச்சரிக்கையே குறை.

2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு, இந்தியப் பெருங்கடல் நாடுகளில் கடல்கோள் எச்சரிக்கை விடப்பட்டது. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. அன்றே எச்சரிக்கை விலக்கப்பட்டது. 2004இல் எச்சரிக்கை ஏதுமின்றி நேர்ந்த உயிரிழப்புகளை எண்ணும்போது, ஒரு பொய் எச்சரிக்கையின் விலை மிகச் சிறிதே. எந்தப் பிழை எவ்வளவு தீங்கானது என்பதைப் பொறுத்தே வரம்பு எப்பக்கம் சாய வேண்டும் என முடிவு செய்யப்படுகிறது.

2015 டிசம்பர் 1 அன்று சென்னைக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஏரியின் முழு ஆழம் 24 அடி. நீர் திறப்பு முன்னதாகவே படிப்படியாக நடந்திருக்க வேண்டுமா என்பது பின்னர் பெரும் விவாதமாயிற்று. தாமதம் என்ற குற்றச்சாட்டை மாநில அரசு மறுத்தது. இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை ஏரியின் நீர் மேலாண்மையைக் குறைகூறியது. வரம்பின் எண்ணைக் காட்டிலும், அதற்கும் நிறைமட்டத்திற்கும் இடையே விடப்படும் இடமும், செய்தி கரையோர வீடுகளைச் சென்றடையும் நேரமும் எவ்வளவு முதன்மையானவை என்பதை இவ்விவாதம் பொதுமக்களுக்கும் உணர்த்தியது.

வரம்புகளின் குறைபாடு

முன்னர் எண்ணிப் பார்க்கப்பட்ட பழுதுகளை மட்டுமே வரம்பு கண்டறியும். யாரும் எதிர்பாராத பழுதுக்கு வரம்பு வகுக்கப்பட்டிராது. கடந்தகால அளவுகளிலிருந்து இயல்பைக் கற்று, விலகலைக் காட்டும் முறைகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. எனினும் அவையும் எவ்வளவு விலகினால் தெரிவிப்பது என்னும் ஒரு வரம்பைக் கொண்டே இயங்குகின்றன. மேலும் வரம்புகள் காலத்தால் பழசாகின்றன. வழங்கி மாற்றப்படும்போதும், பயனர் பெருகும்போதும், பொறுப்பாளர் மாறும்போதும் தேவைப்படும் நேரம் மாறுகிறது. வண்டல் படிந்த நீர்த்தேக்கத்தில் அதே அடி முன்னைவிடக் குறைந்த நீரைக் குறிப்பது போல, மாறிவிட்ட சேவையில் பழைய எண் வேறொன்றைக் குறிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு பழுதுக்குப் பின்னரும் உரிய வரம்புகளை மறுபார்வை செய்வது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* வைகை அணை
* முல்லைப் பெரியாறு அணை
* லினக்சு
* நாகியோஸ்
* வழங்கி
* 2015 தென்னிந்திய வெள்ளம்